கல்லீரல் ஸ்லைடு பெட்டி: மூன்று ஸ்லைடுகளுக்காக வாங்கலாம், கையேட்டை மூடி வையுங்கள்

கல்லீரல் திசுவுக்கென்றே ஆறு மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகள் கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். பன்றிக் கல்லீரல், மனிதக் கல்லீரல், ரத்தக்குழாய்களுக்குள் இரண்டு நிறச் சாயம் ஏற்றிய முயல் கல்லீரல், வெள்ளிச் சாயம் போட்டது, சர்க்கரைப் பொருள்களைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டது, மை ஏற்றிய எலிக் கல்லீரல். கூடவே ஒரு சின்னக் கையேடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயல் ஸ்லைடு ஒன்றுக்காகவே வாங்கலாம், வெள்ளிச் சாய ஸ்லைடும் மனிதக் கல்லீரலும் நன்றாக இருக்கின்றன, பன்றியும் பி.ஏ.எஸ்.ஸும் பரவாயில்லை, மை ஸ்லைடு சுமார், கையேடு மோசம். பெட்டியில் ஸ்லைடுகளை அடுக்கியிருக்கும் வரிசையும் தவறு. அதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

கல்லீரலுக்குத் தனிப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறுநீரகத்தையோ குடலையோ ஒரே ஒரு ஹெச் அண்ட் ஈ ஸ்லைடில் (உட்கருவை நீலமாகவும் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டும் வழக்கமான சாயம்) பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும், அங்கே வடிவங்கள் கண்ணில் வந்து விழும். கல்லீரல் அப்படி இல்லை. எங்கே நகர்த்தினாலும் ஒரே மாதிரி இளஞ்சிவப்புச் செல்கள், நடுவில் உருண்டையான உட்கரு, அங்கங்கே ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் எது ரத்தம் உள்ளே வரும் வழி, எது வெளியே போகும் வழி என்று தெரியாதவரை அந்த ஸ்லைடு ஒன்றும் சொல்லாது. கல்லீரலின் நுண்ணமைப்பு என்று தனியாக ஒன்று இல்லை, ரத்தம் போகும் பாதைதான் அதன் அமைப்பு. அதனால் ஒரே உறுப்பை ஐந்தாறு விதமாகச் சாயமேற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

ரத்தக் கணக்கை ஒரு முறை நினைவுபடுத்திக்கொண்டு போவோம். வளர்ந்த மனிதருக்குக் கல்லீரல் கிட்டத்தட்ட 1.5 கிலோ. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் கால் பங்கு இதற்குப் போகிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர். உள்ளே வரும் குழாய் இரண்டு, வெளியே போகும் வழி ஒன்று. வருவதில் நான்கில் மூன்று பங்கு போர்ட்டல் சிரை வழியாக, குடலையும் மண்ணீரலையும் கணையத்தையும் ஏற்கெனவே ஒரு சுற்று சுற்றி ஆக்சிஜன் குறைந்து, ஆனால் உணவிலிருந்து உறிஞ்சிய சத்துகளைச் சுமந்துகொண்டு வருகிறது. மீதி கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக நல்ல ஆக்சிஜனோடு வருகிறது. அளவில் இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் கல்லீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. இந்த இரண்டு ரத்தமும் சைனுசாய்டு என்னும் அகலமான நுண்குழாய்களில் கலந்து, செல்களை உரசிக்கொண்டு போய் மையச் சிரையில் விழுந்து, கல்லீரல் சிரைகள் வழியாகக் கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போய்விடுகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், ஸ்லைடுகளைப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

பெட்டியில் முதல் இடம் பன்றிக்கு. எல்லாப் பாடப்புத்தகங்களும் பன்றியைத்தான் முதலில் காட்டும், காரணம் எளிது: பன்றியின் கல்லீரலில் லோப்யூல் என்னும் சின்னச் சின்ன அலகு ஒவ்வொன்றையும் சுற்றி இணைப்புத் திசுச் சுவர் இருக்கிறது. 4 மடங்கு ஆப்ஜெக்டிவிலேயே ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்த ஸ்லைடில் வெட்டு நன்றாக இருக்கிறது, மடிப்பு இல்லை, இயோசின் என்னும் இளஞ்சிவப்புச் சாயம் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். பார்க்க அழகு. ஆனால் முதலில் இதைப் பார்த்துவிட்டு அடுத்தது மனிதக் கல்லீரலை வைக்கும் மாணவர் கட்டாயம் தடுமாறுவார். ஏனென்றால் மனிதருக்கு அந்தச் சுவர் கிடையாது. எலிக்கும் முயலுக்கும் கிடையாது. மனிதக் கல்லீரலில் அப்படித் தெளிவாகச் சுவர் எழும்பிக் கட்டம் கட்டியிருந்தால் அது நலமான கல்லீரல் அல்ல, நார்த்திசு பெருகிச் சிர்ரோசிஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கும் கல்லீரல். விதிவிலக்கான விலங்கை முதலில் காட்டி அதையே விதி என்று மனதில் பதிய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பன்றியைக் கடைசியில் பாருங்கள்.

மனிதக் கல்லீரல் ஸ்லைடு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வெட்டு மெல்லியது, சுமார் 5 மைக்ரான்தான் இருக்கும், உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றன. இதில் லோப்யூலின் எல்லையைத் தேடக் கூடாது, தேடினால் கிடைக்காது. 4 மடங்கில் வைத்துக்கொண்டு ஓட்டைகளை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும்: தனியாக இருப்பவை, துணையோடு இருப்பவை. தனியாக இருப்பது மையச் சிரை. துணையோடு இருப்பது போர்ட்டல் ட்ரையட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், செல் கணக்கில் 15 முதல் 25 செல் தூரம். இந்த இரண்டையும் மாறி மாறிக் கண்டுபிடித்துப் பழகிவிட்டால் சுவர் இல்லாமலே லோப்யூல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

40 மடங்குக்கு மாற்றி ஒரு ட்ரையட்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பெரிதாக, மெல்லிய சுவரோடு, கொஞ்சம் நசுங்கினாற்போல இருப்பது போர்ட்டல் சிரையின் கிளை. அதன் ஓரத்திலேயே சின்னதாக, தடித்த சுவரோடு, வட்டமாக இருப்பது தமனிக் கிளை. கனசதுரச் செல்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றிலும் உருண்டையான கருநீல உட்கருவோடு தெளிவான வளையமாக இருப்பது பித்தநாளம். ட்ரையட் என்றால் மூன்று என்று பெயர், உண்மையில் நிணநீர்க் குழாயும் நரம்பு இழையும் அதே உறைக்குள் இருக்கின்றன. இந்த உறை மொத்தமும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும் கிளிசன் உறையின் தொடர்ச்சி. 1654இல் கல்லீரலைப் பற்றித் தனி நூலே எழுதிய பிரான்சிஸ் கிளிசனின் பெயர் அது.

இப்போது மையச் சிரைக்குப் போங்கள். அதன் சுவரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால் சில இடங்களில் சுவர் அறுந்திருப்பதுபோலத் தெரியும். கிழிசல் இல்லை, சைனுசாய்டுகள் நேராக உள்ளே திறக்கும் வாய்கள் அவை. ஒரு நல்ல வெட்டில் சைனுசாய்டு ஒன்று இரண்டு செல் வரிசைகளுக்கு நடுவே நீளமாக ஓடிவந்து சிரையில் கலப்பதை இடைவெளி இல்லாமல் பார்க்கலாம். இந்த ஸ்லைடில் அப்படி இரண்டு மூன்று இடங்கள் இருக்கின்றன, அதற்காகவே இதற்கு நல்ல மதிப்பெண். ஹெப்படோசைட்டுகளில், அதாவது கல்லீரலின் முக்கியச் செல்களில், அங்கங்கே இரட்டை உட்கரு இருப்பதையும் பாருங்கள். மனிதரில் இது சகஜம், நோயின் அடையாளம் அல்ல. சில உட்கருக்கள் பக்கத்துச் செல்லில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும், குரோமோசோம் தொகுப்புகள் இரட்டித்த செல்கள் அவை. மையச் சிரையை ஒட்டிய செல்களில் பழுப்பு நிறத் துகள்கள் தெரிந்தால் அது லிப்போஃபியூசின் என்னும் தேய்மான நிறமி, வயதானவரின் திசு என்று ஊகிக்கலாம்.

சரி, முயலுக்கு வருவோம். இந்தப் பெட்டியின் உயிர் இதுதான். சாயம் கலந்த ஜெலட்டினை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி, உறைய வைத்து, தடிமனாக வெட்டி, வேறு சாயம் அதிகம் போடாமல் ஒட்டியிருக்கிறார்கள். செல்கள் மங்கலாகத்தான் தெரியும், குழாய்கள் மட்டும் நிறத்தில் நிற்கும். சிவப்புக் கார்மைன் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். 4 மடங்கிலேயே பிரமாதம்: சிவப்பு ஓரத்திலிருந்து கிளம்பி, கிளைத்து, மெலிந்து, உள்ளே போகப் போக ஊதாவாகி, நடுவில் நீலத்தில் முடிகிறது. சைனுசாய்டுகள் தனித்தனிக் குழாய்களாக இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிய வலையாக இருப்பதும், மையச் சிரையை நெருங்க நெருங்க நேராகிச் சக்கரத்தின் ஆரக்கால்போல நடுவை நோக்கிப் போவதும் வேறு எந்தச் சாயத்திலும் இவ்வளவு சுலபமாகத் தெரியாது.

ஆனால் கையேடு இந்த ஸ்லைடைக் கெடுத்துவிட்டது. "சிவப்பு: போர்ட்டல் சிரை, நீலம்: கல்லீரல் தமனி" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஸ்லைடைப் பார்த்தால் அது இருக்கவே முடியாது என்று தெரிகிறது. தமனியில் நீலம் ஏற்றியிருந்தால் நீலம் எங்கே இருக்க வேண்டும்? ட்ரையட்டுக்குள், சிவப்புக் குழாய்க்குப் பக்கத்தில் மெல்லிய நீலக் குழாயாக. பித்தநாளத்தைச் சுற்றி ஒரு மெல்லிய நீல வலை இருக்க வேண்டும், ஏனென்றால் பித்தநாளங்களுக்கு ரத்தம் கொடுப்பது தமனிதான், அந்த வலையைக் கடந்துதான் தமனி ரத்தத்தில் ஒரு பகுதி சைனுசாய்டுக்குள் வருகிறது. இந்த ஸ்லைடில் ட்ரையட்டுகளில் நீலமே இல்லை. நீலம் அடர்த்தியாக இருப்பது மையச் சிரையில், அங்கிருந்து வெளிப்பக்கமாகப் பரவி மெலிகிறது. ஆக, நீலத்தைக் கல்லீரல் சிரை வழியாகப் பின்பக்கமிருந்து ஏற்றியிருக்கிறார்கள். பழைய, நம்பகமான முறைதான் அது, தவறு ஸ்லைடு செய்தவர் மேல் இல்லை, கையேடு எழுதியவர் ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. வகுப்பில் காட்டுபவர்கள் இதைக் கட்டாயம் திருத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் தமனி நேராக மையச் சிரையில் போய் முடிகிறது என்று மாணவர்கள் எழுதிவைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பும் நீலமும் சந்திக்கும் இடத்தை ஒரு இயற்கை எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமாகக் கொடுத்தார்களோ அந்த நிறம் அதிக தூரம் போயிருக்கும், அவ்வளவுதான். உயிருள்ள கல்லீரலில் ரத்தம் ஒரே திசையில்தான் ஓடுகிறது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் வழக்கமாக 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம், கல்லீரல் சிரையில் அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவு, அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இத்தனை ரத்தமும் நகர்கிறது. போர்ட்டல் சிரையில் வால்வும் கிடையாது. அதனால் கல்லீரலுக்குள் தடை ஏற்பட்டால் அழுத்தம் அப்படியே பின்னால் ஏறி, உணவுக்குழாயின் அடிப்பக்கச் சிரைகள்வரை புடைத்துப்போகின்றன. முயல் ஸ்லைடில் அந்த வலை எவ்வளவு நெருக்கமானது என்று பார்த்த பிறகு, அதற்குள் கொஞ்சம் நார் படிந்தாலே ஏன் இவ்வளவு பாடு என்று விளக்கத் தேவையே இருக்காது.

இந்த ஸ்லைடை வைத்துக்கொண்டுதான் லோப்யூலா, அசினஸா என்ற பழைய வழக்கையும் பேச முடியும். 1833இல் பிரான்சிஸ் கீர்னன் குழாய்களில் சாயம் ஏற்றிப் பார்த்துத்தான் மையச் சிரையை நடுவில் வைத்த லோப்யூலை விவரித்தார், இன்றைக்கும் அதைத்தான் எல்லோரும் வரைகிறோம். 1954இல் ராப்பபோர்ட் அதைத் திருப்பிப் போட்டார்: ரத்தம் எங்கே கொட்டுகிறது என்பதை விட்டுவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்றார். அவர் அசினஸ் என்றது இதைத்தான்: போர்ட்டல் கிளையை அச்சாக வைத்து, அதற்கு மிக அருகில் இருப்பது மண்டலம் 1, நடுவில் 2, மையச் சிரைப் பக்கம் 3. மண்டலம் 1க்கு ஆக்சிஜன் அதிகம், அங்கே குளுக்கோஸ் புதிதாகச் செய்வதும் யூரியா செய்வதும் அதிகம். மண்டலம் 3க்கு மிச்சம் மீதிதான் வருகிறது, ஆனால் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அங்கேதான் அதிகம்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் நோயியலில் பாதி தானாகப் புரியும். பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டவரின் கல்லீரலில் மையச் சிரையைச் சுற்றி மட்டும் செல்கள் செத்துக் கிடப்பதற்குக் காரணம், அந்த மருந்தை நச்சாக மாற்றும் நொதி அந்தச் செல்களில்தான் அதிகம். ரத்த ஓட்டம் விழுந்தாலும் அடி அங்கேதான், கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து ரத்தம் தேங்கினாலும் அதே மண்டலம் 3தான் முதலில் சிவந்து வீங்குகிறது. மண்டலங்களுக்கு நடுவே கோடு ஒன்றும் இல்லை, படிப்படியாக மாறிக்கொண்டே போவதுதான். விதிவிலக்காக ஒன்று மட்டும் சட்டென்று மாறும்: குளுட்டமின் செய்யும் நொதி மையச் சிரையைச் சுற்றி ஒன்றிரண்டு செல் வரிசைகளில் மட்டும் இருந்து அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு ஆன்டிபாடி வைத்துச் சாயமேற்றிய ஒரு ஸ்லைடைப் பெட்டியில் சேர்த்திருந்தால் இன்னும் ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

வெள்ளிச் சாய ஸ்லைடு இரண்டாவது பிடித்தது. ரெட்டிகுலின் இழைகள், அதாவது மூன்றாம் வகைக் கொலாஜன், மெல்லிய கறுப்புக் கோடுகளாகத் தெரிகின்றன, செல்கள் வெளிறிப் பின்னால் போய்விடுகின்றன. இந்தக் கோடுகள் ஓடுவது டிஸ்ஸே இடைவெளியில், சைனுசாய்டின் சுவருக்கும் ஹெப்படோசைட்டுக்கும் நடுவில். நேரடியாக அந்த இடைவெளியைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பிரித்துப் பார்ப்பது கடினம், இழைகள் அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன. இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே எத்தனை செல் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான். ஹெப்படோசைட்டுகள் ஒரு செல் தடிமனுள்ள தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு செல்லுக்கும் குறைந்தது இரண்டு பக்கம் ரத்தம். வெட்டு சாய்வாகப் போன இடங்களில் இரண்டாகத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கல்லீரல் செல்புற்றில் இந்தத் தகடு மூன்று நான்கு செல் தடிமனாகும், ரெட்டிகுலினும் காணாமல் போகும். நோயியலாளர்கள் இந்தச் சாயத்தை இன்றைக்கும் கைவிடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கையேடு இங்கேயும் "செல் வடங்கள்" என்று எழுதியிருக்கிறது. வடம் இல்லை, தகடு என்று ஹான்ஸ் இலையாஸ் 1949இலேயே காட்டிவிட்டார். வெட்டுமுகத்தில் தகடு வடம்போலத் தெரியும் என்பது உண்மை, அதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குத்தானே கையேடு?

பி.ஏ.எஸ். ஸ்லைடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளைக்கோஜன், அதாவது கல்லீரல் சேமித்துவைக்கும் சர்க்கரை, நல்ல மெஜந்தா நிறத்தில் நிறைந்து கிடக்கிறது, நன்றாகச் சாப்பிட்ட விலங்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்ட எலியில் இதில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும். ஒரு வேடிக்கை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு செல்லிலும் கிளைக்கோஜன் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும், பக்கத்துச் செல்லிலும் அதே பக்கம். கல்லீரல் அப்படி வைத்திருக்கவில்லை. திசுவை ஃபார்மலினில் போட்டபோது அது ஊடுருவி வந்த திசைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டது. டயஸ்டேஸ் போட்டுக் கிளைக்கோஜனைக் கரைத்த ஜோடி ஸ்லைடு ஒன்று கூடவே இருந்திருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த நிறமெல்லாம் கிளைக்கோஜன்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

மை ஸ்லைடு ஏமாற்றம். எண்ணம் நல்ல எண்ணம்: உயிருள்ள எலியின் ரத்தத்தில் கரித்துகள் கலந்தால் சைனுசாய்டுக்குள் உட்கார்ந்திருக்கும் குப்ஃபர் செல்கள் அதைப் பிடித்து விழுங்கிக் கறுத்துப்போகும், ஹெச் அண்ட் ஈயில் சைனுசாய்டுச் சுவரின் உட்கருவோடு கலந்து அடையாளம் தெரியாமல் இருப்பவை இங்கே தனியாகத் தெரியும். குடலிலிருந்து வரும் பாக்டீரியாவையும் வயதான சிவப்பணுக்களையும் அகற்றுவது இவைதான். ஆனால் இந்த ஸ்லைடில் மையைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். பல இடங்களில் செல் தெரியவில்லை, கறுப்புக் கட்டிதான் தெரிகிறது, உட்கரு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. ஓரத்தில் மை குறைவாகப் போன ஒரு பகுதி இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்தால் நட்சத்திரம்போலக் கை நீட்டிய செல் ஒன்றிரண்டு கிடைக்கும். ட்ரையட் பக்கம் கறுப்பு அதிகம், மையச் சிரைப் பக்கம் குறைவு என்பதும் தெரிகிறது. அது சரியான விஷயம், குப்ஃபர் செல்கள் போர்ட்டல் பக்கம்தான் அதிகம், விழுங்கும் வேகமும் அங்கேதான் அதிகம்.

இந்தப் பெயரிலேயே ஒரு குளறுபடி உண்டு. 1876இல் குப்ஃபர் கோல்டு குளோரைடு போட்டுக் கண்ட நட்சத்திரச் செல்கள் உண்மையில் இவை இல்லை. அவை டிஸ்ஸே இடைவெளியில் வைட்டமின் ஏவைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்துவைக்கும் வேறு செல்கள், இட்டோ செல் என்று பிறகு பெயர் வாங்கியவை. குப்ஃபரே பின்னாளில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், 1971இல் வாகே என்ற ஜப்பானிய ஆய்வாளர்தான் பிரித்துக் காட்டினார். கல்லீரல் காயப்படும்போது வைட்டமினை இழந்து நார் நெய்ய ஆரம்பிப்பது இந்த நட்சத்திரச் செல்கள்தான், சிர்ரோசிஸில் முக்கியக் குற்றவாளி. பெட்டியில் அவற்றுக்கு ஒரு ஸ்லைடும் இல்லை, கையேட்டில் ஒரு வரியும் இல்லை.

கையேட்டைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு உச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதக் கல்லீரல் ஸ்லைடுக்கான பயிற்சியில் "ஆயில் இம்மர்ஷனில் சைனுசாய்டுச் சுவரின் துளைகளைக் கவனிக்கவும்" என்று இருக்கிறது, அதாவது ஸ்லைடுமேல் எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்சில். அந்தத் துளைகள் ஏறக்குறைய 0.1 மைக்ரான். ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டும் எல்லை 0.2 மைக்ரான். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தெரியாது. அந்தத் துளைகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும், சல்லடைபோலக் கூட்டம் கூட்டமாக இருப்பதை 1970இல் எடி வீஸ் அப்படித்தான் காட்டினார். சைனுசாய்டு சாதாரண நுண்குழாயிலிருந்து வேறுபடுவதே இதில்தான்: துளைகளை மூட மென்படலம் இல்லை, சுவருக்கு அடியில் முறையான அடித்தளப் படலமும் இல்லை. பிளாஸ்மா நேராக டிஸ்ஸே இடைவெளிக்குள் வந்து ஹெப்படோசைட்டின் நுண்விரல்களை நனைக்கிறது, ரத்த அணுக்கள் மட்டும் வெளியே நிற்கின்றன. இப்படிப்பட்ட முக்கியமான விஷயத்துக்கு ஒரு எலக்ட்ரான் படத்தை அச்சிட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பார்க்கவே முடியாததைப் பார்க்கச் சொன்னால், பையன்கள் ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டி "தெரிகிறது சார்" என்பார்கள், வேறென்ன செய்வார்கள்.

ஆயில் இம்மர்ஷனில் உண்மையாகவே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது, பித்த நுண்கால்வாய். பக்கத்துப் பக்கத்து ஹெப்படோசைட்டுகள் ஒட்டும் கோட்டில், நடுவில், ஒன்றிரண்டு மைக்ரான் அளவில் ஒரு சின்ன வெளிறிய புள்ளி. அதற்கென்று தனிச் சுவர் இல்லை, இரண்டு செல்களின் சவ்வும் பள்ளமாகி எதிரெதிரே சேர்ந்து உண்டான வாய்க்கால். பித்தம் அதில் மையப் பகுதியிலிருந்து ட்ரையட் பக்கமாக, ரத்தத்துக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. மனிதக் கல்லீரல் ஸ்லைடில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கிறது. ஆனால் கல்லீரல் பெட்டி என்று போட்டுவிட்டுப் பித்தக் கால்வாய்க்குத் தனி ஸ்லைடு வைக்காதது பெரிய குறைதான். கொழுப்புக்கும் ஒன்று இல்லை. பாரஃபினில் புதைக்கும்போது சைலீன் கொழுப்பையெல்லாம் கரைத்துவிடும், வெற்று ஓட்டை மட்டும் மிஞ்சும், உறைவெட்டில் ஆயில் ரெட் போட்டால்தான் நிறத்தோடு தெரியும். விலை கூடும் என்று விட்டிருப்பார்கள்.

தயாரிப்புத் தரத்தைப் பொறுத்தவரை பெரிய புகார் இல்லை. கவர்ஸ்லிப்புகள் நேராக ஒட்டியிருக்கின்றன, ஓரத்தில் பிசின் வழியவில்லை, லேபிளில் விலங்கும் சாயமும் எழுதியிருக்கிறது, ஆனால் எந்தத் திசையில் வெட்டியது என்று இல்லை. முயல் ஸ்லைடு மட்டும் தடிமன். வெட்டும் தடிமன், மேலே பிசினும் தடிமன், அதனால் 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஃபோகஸுக்கு வருவதற்குள் கண்ணாடியை முட்டிவிடும். அதை 10 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஃபோகஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் திருப்பினால் வலை அடுக்கடுக்காக உள்ளே போவது தெரியும், மெல்லிய வெட்டில் இந்த ஆழம் கிடைக்காது. ஸ்லைடுகளை வெயில் படும் மேசையில் விட வேண்டாம், இயோசின் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், பெட்டியின் மூடியும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது.

யாருக்கு இது? விலங்கியலோ மருத்துவமோ முதலாண்டு எடுப்பவர்களுக்கு, பக்கத்தில் சொல்லித்தர யாராவது இருந்தால், நிச்சயம் பயன்படும். தனியாக உட்கார்ந்து கையேட்டை நம்பிப் படிப்பவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒரு நல்ல மனித ஹெச் அண்ட் ஈ ஸ்லைடு கையில் இருந்தால் பெட்டி முழுக்க வாங்கத் தேவையில்லை, சாயம் ஏற்றியதையும் வெள்ளிச் சாயத்தையும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பார்க்கும் வரிசை என் பரிந்துரை: முயல், மனிதர், வெள்ளி, அப்புறம் மற்றவை, பன்றி கடைசி. வாங்கியதும் முயல் ஸ்லைடை மட்டும் உடனே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஜெலட்டின் சுருங்கிக் காற்றுக்குமிழி புகுந்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், அப்படியிருந்தால் பிரித்த அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.